காலையில் கல், மத்தியானத்தில் வெண்ணெய்

எங்கள் ஜனக்புரி குடியிருப்பில் கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு வங்கி அதிகாரி. போன மாதம் அவருடைய கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. கியர்பாக்ஸை முழுதாக மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் ஒரு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறவர் மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். "அங்கிள், நீங்க கவர்மென்ட் ஒர்க் ஷாப்பில இருந்தவர்தானே, இது நியாயமான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். நான் டெல்லிக்கு வந்த வருஷம் அந்தத் தொகைக்கு இரண்டு மூன்று புதுக் காரே வாங்கியிருக்கலாம்.

அவரோடு சர்வீஸ் சென்டருக்கும் போனேன். அங்கே ஒரு பெண் இன்ஜினியர், முப்பது வயது இருக்காது, ஒரு வயரைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தார். எந்த வால்வு எத்தனை முறை தடுமாறியது, எத்தனை டிகிரி சூட்டில் தடுமாறியது என்று திரையில் வரிசையாக வந்தது. கியர்பாக்ஸின் ஒரு திருகைக்கூட அவர் தொடவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. கிழவன் கிண்டல் செய்கிறான் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே புல்லரித்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏம்மா, இது யார் செஞ்ச தப்புன்னு இந்த மெஷின் சொல்லுமா?" அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அது மட்டும் சொல்லாது அங்கிள்" என்றார்.

திரும்பி வரும்போது, "எதுக்கு அப்படி ஒரு கேள்வி கேட்டீங்க?" என்று கீழ்வீட்டுக்காரர் விடாமல் கேட்டார். டிராஃபிக்கில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கோவில்பட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா, பிறகு ஊரிலேயே ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் இரண்டு வருஷம், பிறகு மத்திய அரசுப் பரீட்சை, பிறகு டெல்லி. எழுபத்து நான்கில் கரோல் பாகில் நாலு பேர் தங்கிய ஒரே அறையில் படுக்கையை விரித்தேன். கல்யாணமானதும் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு துறையின் ஸ்டாஃப் கார்களையும் ஜீப்புகளையும் சில லாரிகளையும் பழுதுபார்க்கும் பணிமனையில் சார்ஜ்மேன் வேலை. ஃபிட்டர்களுக்கு மேலே, ஃபோர்மனுக்குக் கீழே. இரண்டு பக்கமும் இடிபடுகிற மத்தளம் என்று சொல்வார்கள். நான் அவ்வளவாக இடிபடவில்லை, என் ஃபோர்மன் அப்படி.

அவர் பெயர் ஏகாம்பரம். வேலூர்ப் பக்கம். ராணுவத்தில் வாகனப் பழுது வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். பணிமனையில் எல்லோரும் காக்கியில் கிரீஸ் அப்பிக்கொண்டு திரியும்போது அவர் ஒருவர் மட்டும் வெள்ளைச் சட்டையில் வருவார், சாயந்திரம் அதே வெள்ளையோடு போவார். எப்படி என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. வேலை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முடிகிறவரை மணி பார்க்க மாட்டார். ஒரு கேள்வியை ஒருமுறைதான் கேட்பார். பதில் வராவிட்டால் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்தே ஃபிட்டர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு கார் வந்தது. கியர்பாக்ஸ் கத்துகிறது, புதிதாக மாற்ற அனுமதி தேவை என்று வெளியிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். ஏகாம்பரம் சார் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து என்னிடம், "கால் வெச்சா அழுவுது, கால எடுத்தா நிறுத்திக்குது. அப்ப கியர்பாக்ஸ் இன்னாப்பா பாவம் பண்ணிச்சி?" என்றார். கிளட்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேரிங் அது. பிரித்துப் பார்த்தோம். அதேதான். எங்கள் கேன்டீனில் நாலு பேர் சாப்பிடுகிற காசில் வேலை முடிந்தது. புது கியர்பாக்ஸ் வாங்கியிருந்தால் என் பத்து மாதச் சம்பளம் போதாது. அன்றைக்கு அவரை நான் பார்த்த பார்வை, கோவிலில் சாமியைப் பார்க்கிற பார்வை. அதற்கப்புறமும் அது மாறவில்லை, ஒரு மூன்று நாள் தவிர. அந்த மூன்று நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த கியர்பாக்ஸையும் 'மாற்றுக' என்று எழுதுமுன் திறந்து பார்த்தாக வேண்டும். திறப்பது என்றால் மூலையில் போட்டு உடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய வெள்ளை விரிப்புகள் சிலவற்றைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்தார். ஒன்றை எடுத்து மேஜையில் விரிப்பார். முதலில் எண்ணெயை ஒரு சுத்தமான எனாமல் தட்டில் வடிப்பார்கள். அதில் காந்தத்தை ஒரு சுற்று சுற்றி, ஒட்டி வருகிற இரும்புத் தூளைக் காகிதத்தில் துடைத்து வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரமும், ஒவ்வொரு வளையமும், உள்ளே எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் துணி மேல் வரும். அந்த வண்டியை ஓட்டிய டிரைவர் கூடவே நிற்க வேண்டும். "ஒடம்ப அறுக்கசொல்ல சொந்தக்காரன் பக்கத்துல இருக்கணும்" என்பார். முழுதும் பரப்பியாகிறவரை ஒரு வார்த்தை பேச மாட்டார். கறுத்துக் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து பற்கள் பளபளவென்று வெள்ளைத் துணியில் வரிசையாக வந்து உட்காரும்போது, எத்தனை முறை பார்த்திருந்தாலும், எனக்கு மூச்சு ஒரு நிமிஷம் நிற்கும்.

இப்போது என் பெருமையைச் சொல்கிறேன்.

எண்பத்திரண்டில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுக்கு முந்தைய வருஷம். எல்லா வண்டிகளையும் சீர் பண்ணிவைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி. அக்டோபரில் ஒரு துணைச் செயலாளரின் கார் வந்தது. டிரைவர் பிஷன் சிங், கட்வால் மலைப் பக்கத்து ஆள், ஒல்லி, பேச்சு குறைவு. தற்காலிக வேலையில் மூன்று வருஷமாக இருந்தார். அவர் ஹிந்தியில் சொன்னதையெல்லாம் நான் தமிழில் தருகிறேன். "சாப், கியர்பாக்ஸ் முனகுது. துணைச் செயலாளர் சாபுக்கு அது பிடிக்கவில்லை, பின்னால் உட்கார்ந்து ஃபைல் படிக்க முடியவில்லையாம்" என்றார். ஓட்டிப் பார்த்தேன். பழைய பெட்டி, பற்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன, முனகல்தான், ஆபத்து இல்லை. ஏகாம்பரம் சார் லீவில் ஊருக்குப் போயிருந்தார். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவர் வரும்வரை காத்திருப்பானேன் என்று எனக்குள்ளே ஒரு கோவில்பட்டிக்காரன் விழித்துக்கொண்டான்.

அந்த மாடல் காரின் கியர்பாக்ஸில் இன்ஜினுக்கு ஊற்றுகிற மெல்லிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஒரு கைவைத்தியம் உண்டு. கத்துகிற கியர்பாக்ஸில் லாரிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டால் சத்தம் அமுங்கிவிடும். கோவில்பட்டி வெயிலில் அந்த எண்ணெயும் இளகி, வண்டி வருஷக்கணக்கில் ஓடும். பழைய பஸ்ஸை விற்கப்போகிற முதலாளிகளுக்கு இதில் தனிப் பிரியம். நானும் ஊற்றினேன். பிஷன் சிங் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கார் பூனை மாதிரி ஓடியது. துணைச் செயலாளர் எங்கள் பணிமனைக்கு ஒரு பாராட்டுக் குறிப்பே அனுப்பினார். வேலைச் சீட்டில் 'எண்ணெய் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விடவில்லை, தொழில் ரகசியம் என்கிற கர்வத்தில் விட்டேன். பாராட்டுக் குறிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி சரோஜாவிடம் காட்டினேன்.

டெல்லியில் ஏழு குளிர்காலம் பார்த்தவன் நான். ஸ்வெட்டர் போட்டேன், மஃப்ளர் கட்டினேன், மூக்கு ஒழுகினேன். ஆனால் கோவில்பட்டி எண்ணெய்க்கு டெல்லியில் குளிரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன சொல்ல.

ஜனவரியில் ஒரு காலை, கண்ணை மறைக்கிற பனிமூட்டம். துணைச் செயலாளர் ஒரு முக்கியமான கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தௌலா குவான் ரவுண்டானாவில், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது உள்ளே ஏதோ உடைந்து, பெட்டி இறுகிக்கொண்டது. கார் அசையவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. துணைச் செயலாளர் பனியில் நடந்துபோய் ஆட்டோ பிடித்தார். அன்று மாலையே குறிப்பு வந்துவிட்டது. சில வாரங்களாகவே டிரைவர் கியரை முரட்டுத்தனமாகப் போடுவதைத் தாம் கவனித்து வந்ததாகவும், கவனக்குறைவால் அரசு வாகனம் பழுதாகியிருப்பதால் புது கியர்பாக்ஸின் விலையை அவரிடமே வசூலிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பணிமனை பரிசோதித்து, யார் பொறுப்பு என்று அறிக்கை தர வேண்டும்.

அடுத்த மாதம்தான் தற்காலிக டிரைவர்களை நிரந்தரமாக்கும் குழு கூட இருந்தது. அவர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும், பிஷன் சிங்குக்கு வேலை நிரந்தரமாகாது. வெளியே போகும்போது கியர்பாக்ஸ் விலையையும் தலையில் கட்டி அனுப்புவார்கள்.

இதைக் கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 'ஐயோ பாவம், கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்' என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. விரிப்பு மேஜையில் விரித்தாகிவிட்டது. பிஷன் சிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரம் சார் கடிகாரத்தைப் பையில் போட்டார். ஃபிட்டர் அடித்திருகைக் கழற்றினார். மெல்லிய எண்ணெய் என்றால் சடசடவென்று விழும். இது விழவில்லை. பாகு மாதிரி ஒரு கயிறாக நீண்டு, யோசித்து யோசித்து இறங்கியது. அக்டோபரில் நான் ஊற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏகாம்பரம் சார் இரண்டு விரலால் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். லாரி எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கும், பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை மட்டும் காட்டினார். பிரிக்கத் தொடங்கினோம். இரண்டாவது கியரில் மூன்று பல் உடைந்திருந்தது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பக்கத்தில் இருந்த பித்தளை மாதிரியான வெண்கல வளையங்கள்தான் என் உயிரை எடுத்தன. மஞ்சளாக மின்ன வேண்டியவை. கறுத்துப்போயிருந்தன. கந்தகம் தின்றிருந்தது. வெள்ளைத் துணியில் அந்தக் கறுப்பு எழுதி ஒட்டின மாதிரி தெரிந்தது.

முழுவதும் பரப்பியான பிறகு அவர் பிஷன் சிங்கிடம் திரும்பி ஹிந்தியில் கேட்டார். "கொஞ்ச நாளா கியர் எப்படி விழுந்தது?"

பிஷன் சிங் கொஞ்சம் யோசித்தார். "காலையில் கல், சாப். மத்தியானத்தில் வெண்ணெய்."

ஏகாம்பரம் சார் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தமிழில், அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "கை கெட்டதுன்னா மத்தியானமும் கெட்டதாத்தான் இருக்கணும். இல்ல?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமும்தான், ஆனால் பயம் மட்டுமில்லை. அத்தனை பேர் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, முடிவு கட்டிவிட்ட விஷயத்தை அந்த மனிதர் ஒரு டிரைவரின் ஐந்து வார்த்தையில் திருப்பிப் போட்டுவிட்டார். குளிரில் இறுகுகிற எண்ணெய் என்றால் காலையில் கல்லாக இருக்கும், பெட்டி சூடானதும் இளகும். அந்த ஆள் முரட்டுத்தனமாகப் போடவில்லை, போட்டால்தான் விழும். நான் ஊற்றியதை அவர் கை மூன்று மாதமாக இழுத்திருக்கிறது.

ஏகாம்பரம் சார் நிமிர்ந்து எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "இதில் இந்த எண்ணெய் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

ஒருமுறைதான் கேட்டார். ஃபிட்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் துணியைப் பார்த்தேன். பிஷன் சிங் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அக்டோபரில் என் பக்கத்தில் நின்றவர். ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

ஏகாம்பரம் சார் தலையாட்டினார். "டீக் ஹை. சண்முகம், ரிப்போர்ட்ட நீயே எழுதிடு. திங்கக்கெழம குடுத்தா போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ஒரு அறிக்கை எழுதிக் கொண்டுபோனேன். 'பற்கள் உடைந்துள்ளன. பழுதுக்கான காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை.' என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. பிஷன் சிங்கையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லப்பா."

"சரி சார்."

"ஆனா இத வெச்சிகினு அந்தாள பெர்மனன்ட் பண்ண மாட்டாங்க. காரணம் தெரியலன்னா டிரைவர்தான்னு எழுதிக்குவாங்க. தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவர் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் தானே வைத்தார். "திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்குது. ஜல்தி இல்ல" என்றார்.

வெளியே வந்தால் ஸ்டோர் கிளார்க் ஒருவர் இன்னொருவரிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கட்டும் என்றே. "ஃபோர்மனும் மதராஸி, சார்ஜ்மேனும் மதராஸி. ரிப்போர்ட் எப்படி வரும் என்று தெரியாதா? மலைக்காரன் தொலைந்தான்." எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தப்பாகச் சொல்கிறார் என்பதால் இல்லை. என் பையில் இருந்த காகிதம் அவர் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போனேன். படியேறி முருகன் முன்னால் நின்றும் ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. என்ன கேட்பது? மாட்டிக்கொள்ளக்கூடாது என்றா? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சரோஜா தட்டைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு நாளா தட்டுல கோலம் போட்டுக்கிட்டிருக்கீக?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். புது கியர்பாக்ஸ் என்றால் பத்து மாதச் சம்பளம் என்பதையும் சொன்னேன்.

"அந்த டிரைவருக்கு எத்தன பிள்ளைக?"

"தெரியாது."

"ஏழு வருசமா வண்டி கொண்டாற ஆளுகள்ல ஒருத்தரக் கூட அதக் கேட்டதில்லயா நீங்க?"

"இவரு மூணு வருசமாத்தான் இருக்காரு."

"ஆமா, இந்தக் கணக்கெல்லாம் நல்லாப் போடுங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுப்படியிலிருந்து, "பத்து மாசம்னா பத்து மாசம். ஊர்ல இருந்து அரிசி அனுப்பச் சொல்லுவோம்" என்று குரல் வந்தது.

அன்றைக்கே எழுதினேன். அக்டோபரில் ஃபோர்மன் விடுப்பில் இருந்தபோது, அவர் அனுமதியின்றி, புத்தகத்தில் சொல்லியிருப்பதற்கு மாறாக, லாரி எண்ணெயை நான் ஊற்றினேன். குளிரில் அது இறுகியதால் கியர் மாறவில்லை. வெண்கல வளையங்கள் கறுத்திருப்பது இதற்குச் சாட்சி. ஓட்டுநர் மீது தவறு இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் மேஜையில் வைத்தேன். "சார், நாந்தான் சார் ஊத்துனேன்" என்று வாயாலும் சொன்னேன்.

படித்தார். மேலே பார்க்கவில்லை. "எங்க கத்துகின இந்த வைத்தியத்த?"

"ஊர்ல சார். பஸ் பட்டறையில."

"அங்க சரிதான். இங்க செத்துடும்" என்றார். அவ்வளவுதான் திட்டு. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் சொருகினார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதற்குள் அவர், "ஆர்டர் வர்ற வரைக்கும் கைய கட்டிகினு நிப்பியா? அந்த வண்டிய முடிக்கணும், வா" என்றார்.

பணிமனைக்குப் பின்னால் கழித்துப்போட்ட வண்டிகளின் கொட்டகை ஒன்று உண்டு. அங்கிருந்து இரண்டு பழைய பெட்டிகள் ஏற்கெனவே எடுத்துத் துடைத்துத் தயாராக இருந்தன. ஒன்றில் இரண்டாவது கியர் நன்றாக இருந்தது, இன்னொன்றில் தண்டு நன்றாக இருந்தது. நல்லதையெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கோத்தோம். புதிதாக வாங்கியது நாலு பேரிங், வெண்கல வளையங்கள், சீல்கள், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையோடு அவர் கோத்துக்கொண்டே போனார், நான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சக்கரமும் அதன் இடத்தில் போய் உட்காரும்போது ஒரு 'டக்' சத்தம் வரும். அது சரியாக வந்தால் மட்டும் அடுத்ததுக்குப் போவார். வராவிட்டால் கழற்றுவார். சலிக்காமல் கழற்றுவார். புதிதாக ஒரு பெட்டியை வாங்கி மாட்டுவது ஒரு பகல் வேலை. இது நாலு நாள் ஆனது.

குளிர் குறையாத ஒரு காலையில் பிஷன் சிங் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை ஓட்டம் போனோம். முதல் கியர், இரண்டு, மூன்று. சத்தமே இல்லை. ரிங் ரோடு ஓரத்தில் நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"பிஷன் பாய், அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "நான் சொல்லியிருந்தால் தற்காலிக டிரைவர் ஒருவன் தப்பித்துக்கொள்ள சாப் மேல் பழி போடுகிறான் என்று ஆகியிருக்கும். பெரிய சாப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டால் நான் எதற்குச் சொல்ல வேண்டும்?" பிறகு, "ஆனால் சாப், மூன்று ராத்திரி தூங்கவில்லை" என்றார்.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். மூன்று பெண்கள், ஒரு பையன் என்றார். பெயர்களையும் சொன்னார்.

மார்ச்சில் உத்தரவுகள் வந்தன. பிஷன் சிங் நிரந்தரமானார். எனக்கு ஒரு வருஷ இன்க்ரிமென்ட் வெட்டு, எழுத்தில் கண்டனம், பழுதுச் செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். தொகையைப் பார்த்தேன். பத்து மாதச் சம்பளம் இல்லை, ஒரு மாதச் சம்பளம்கூட முழுசாக இல்லை. பழைய பெட்டிகளிலிருந்து கோத்ததால் பேரிங்குக்கும் வளையத்துக்கும் சீலுக்கும் ஆனது மட்டும்தான். ஏகாம்பரம் சாரிடம் போய் நின்றேன். எனக்காக இவ்வளவு செய்திருக்கிறாரே என்று கையைக் கூப்பினேன்.

"உனக்காக யார் பண்ணாங்க?" என்றார். "சர்க்கார் காசு, வீணா போவக் கூடாது. போய் வேலையப் பாரு." ஏதோ அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட ஃபைல் என் மேஜைக்கு வந்தது. புரட்டினேன். என் அறிக்கைக்குக் கீழே எஸ்டிமேட் இருந்தது, ஏகாம்பரம் சாரின் கையெழுத்தில். 'புதிதாக மாற்றத் தேவையில்லை. கழிவுப் பெட்டிகளிலிருந்து கோத்துக்கொள்ளலாம்' என்று எழுதி, பேரிங், வளையம், சீல் என்று ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார். யாரிடம் வசூலிக்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயர் வேறு மையில், பிறகு எழுதியதாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் ஒப்புக்கொண்ட திங்கட்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை. பெட்டியைத் திறந்த அன்று சாயந்திரமே எழுதிவிட்டார்.

அந்த இரண்டு பெட்டிகள் திங்கட்கிழமை காலை எப்படித் தயாராக இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு துணியைப் பார்த்து நின்ற பிறகு, அவர் கொட்டகைக்குப் போய்த் தேடியிருக்கிறார். நான் உண்மை சொல்லப்போகிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் பிஷன் சிங் தலையில் விழும், சொன்னால் என் தலையில் விழும். யார் தலையில் விழுந்தாலும் அந்த ஆள் தாங்குகிற அளவுக்கு முதலில் அதைக் குறைத்து வைத்திருக்கிறார். பிறகு பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஜல்தி இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஃபைலை மூடவே எனக்கு மனம் வரவில்லை. பியூன் வந்து இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனான். மூன்றாம் தடவை வந்தபோதுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.